சான்றிதழுக்கு ஒரு கையெழுத்து

மார்ச் 2, திங்கள்

இந்த டைரி தர்ஷினி கொடுத்தது. என் மகன் வயிற்றுப் பேத்தி, மூன்றாம் வகுப்பு. "ஆச்சி, நீ எல்லாத்தையும் வாயாலயே சொல்லிச் சொல்லிச் சண்டை போடுற. இதுல எழுதி வை" என்றாள்.

அறிவொளி வகுப்பில் முப்பத்தொரு வயதில் எழுத்துக் கற்றேன். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டதோடு சரி. எழுத்துக்கூட்டி வாசிக்க நேரமாகும். ஆனால் மறதி கிடையாது. தொண்ணூற்றாறு பொங்கலுக்கு என் நாத்தனார் எனக்கு மட்டும் அடிப்பிடித்த சோற்றை வைத்தாள். அந்த இலையில் எத்தனை முந்திரி இருந்தது என்றுகூட இன்றைக்கும் சொல்வேன். ஒன்றுகூட இல்லை.

ஆகவே நான் எழுதுவது ஞாபகத்துக்காக அல்ல. நாளைக்கு எவராவது "அப்படி நான் சொல்லவே இல்லையே" என்றால் எடுத்துக் காட்டுவதற்காக.

மார்ச் 5, வியாழன்

ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். எஸ்டேட் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. பச்சைத்தண்ணீர்கூட வேண்டாம் என்றார். அப்போதே ஏதோ சங்கதி என்று தெரிந்தது.

பள்ளியில் மொத்தம் எட்டுப் பிள்ளைகள். மூன்று பேர் ஐந்தாவது முடித்துப் போகிறார்கள். மிச்சம் ஐந்து. பத்து தலை இல்லாவிட்டால் வரும் ஜூனில் பள்ளியை மூடி, கீழ் எஸ்டேட் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம்.

கீழ் எஸ்டேட் ஆறு கிலோமீட்டர். நடுவில் ஆனை இறங்குகிற சோலை. பள்ளியை மூடினால் என் மகன் கருணாகரன் மறுநாளே தர்ஷினியைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அவனும் மருமகள் ரேவதியும் அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். பிள்ளையை இரண்டு வயதில் என்னிடம் விட்டார்கள். வளர்த்தது நான்.

"மேட்டு லைன் வீடுகள்ல ஜார்க்கண்டுக்காரங்க புள்ளைங்க சும்மாதான ஆச்சி சுத்துது? நான் போனா கதவத் தெறக்க மாட்டேங்குறாங்க. நீங்க பேசினா கேப்பாங்க" என்றார் டீச்சர்.

"எத்தனை வேணும்?"

"அஞ்சு பேரு."

கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 7, சனி

தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு அப்படியே மேட்டு லைனுக்குப் போனேன். இறக்கத்தில் ஒரு குழந்தை "ஆயோ! ஆயோ!" என்று கத்துகிறது. என் காதில் "ஐயோ" என்றுதான் விழுந்தது. சிறுத்தை நடமாடும் இடம். தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சேற்றில் வழுக்கி உட்கார்ந்தேன்.

பார்த்தால் சிறுத்தையும் இல்லை, பூனையும் இல்லை. குழாயடியில் ஒருத்தி குடம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. அவர்கள் பேச்சில் ஆயோ என்றால் அம்மாவாம்.

"பாட்டி, நீ எதுக்கு ஓடுது?"

"உன் புள்ள ஐயோங்குது. ஓடாம ஒக்காந்து பாட்டா பாட முடியும்?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் வந்துவிட்டது. அவள் பெயர் புத்னி. புதன்கிழமை பிறந்தவளாம். நம்ம புதன்தான். மூத்தவள் சுமந்தி, எட்டு வயது. காலடியில் உட்கார்ந்திருந்த சின்னவள் சோமாரி, திங்கள்கிழமைக்காரி. வயதில் மூத்தவளை "நீ" என்கிறாளே என்று முதலில் சுருக்கென்றது. பிறகு பார்த்தால் மேஸ்திரியையும் "நீ" என்றுதான் சொல்கிறாள். அதனால் விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடம் என்றதும் முகம் மாறியது.

"அங்க எல்லாரும் சிரிக்கும். இந்திக்காரின்னு சொல்லும். நாங்க இந்தி இல்ல, எங்க பேச்சு குடுக். என் பிள்ளை பக்கத்துல ஒருத்தரும் உக்காராது."

"என் பேத்தி ஒக்காருவா. அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் உன் மக பக்கத்துல என் வீட்டு ஆளு இருக்கும். சீனியம்மா சொன்னா சொன்னதுதான். இந்த எஸ்டேட்ல யார்கிட்ட வேணா கேட்டுப் பாரு."

கையை நீட்டினாள். ஓங்கி அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

மார்ச் 13, வெள்ளி

சுமந்தி பள்ளிக்கு வருகிறாள். இப்போதைக்குச் சும்மா வந்து உட்காரட்டும், ஜூனில் பேர் எழுதிக்கொள்ளலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். தர்ஷினி பக்கத்தில்தான் உட்காருகிறாள். சாயங்காலம் இரண்டும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தன.

டீ கொடுத்தேன். சுமந்திக்குப் பிடி உடைந்த கப்பில் கொடுத்தேன். "ஏன் ஆச்சி, டம்ளர் இருக்கே?" என்றாள் தர்ஷினி. அந்தப் பிள்ளை தலையில் பேன் இருக்கிறது என்றேன். இருந்ததா என்று பார்க்கவில்லை.

துணி அலசினேன். ரேஷனில் பருப்பு வரவில்லை.

மார்ச் 18, புதன்

சுமந்திக்குப் பல் விழுந்தது. கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்து "பல்" என்றாள். டீச்சர் இத்தனை சீக்கிரம் தமிழ் கற்றுக்கொடுத்துவிட்டாரே என்று அசந்துபோனேன். புத்னி சிரிக்கிறாள். அவர்கள் பேச்சிலும் பல் பல்தானாம். கண்ணுக்கும் கண்தானாம், என்ன, கொஞ்சம் தொண்டையில் காறிக்கொண்டு சொல்கிறார்கள். ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தவளுக்கும் எனக்கும் வாய்க்குள் இருப்பது ஒன்றா? இதை யார் கொண்டுபோய்க் கொடுத்தது? டீச்சரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

ஞாயிறுதோறும் போன் வரும். இன்றைக்கு தர்ஷினி எடுத்ததும் குறும்பாக "ஆயோ!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் ரேவதி பதறிப்போய், "ஐயோ, என்னடி ஆச்சு? விழுந்துட்டியா?" என்கிறாள். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. போனை வாங்கி விஷயத்தைச் சொன்னேன். சுமந்தி, புத்னி, பல், எல்லாம் சொன்னேன். பிடி உடைந்த கப்பையும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ரேவதி சிரிக்கவில்லை. "பெத்தவள அம்மான்னு கூப்பிட மறந்துருவா போல" என்றாள். கம்பெனியில் வேலை அதிகம், அலுப்பாக இருந்திருக்கும்.

மார்ச் 27, வெள்ளி

ஐந்து பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். புத்னி கூடவே வந்து பேசினாள். ஒவ்வொரு வீட்டிலும் கடைசியில் "உன் பேத்தி அங்கதான படிக்குது?" என்று கேட்டார்கள். அங்கேதான் என்றேன். இரண்டு காலிலும் அட்டை கடித்த இடம் ஏழு. சுண்ணாம்பு வைத்தேன்.

கருணாகரன் இந்த வாரம் மூன்று முறை போன் பண்ணிவிட்டான். டீச்சர் நம்பர் கேட்டான். பிள்ளை படிப்பில் இப்போதாவது அக்கறை வந்ததே என்று கொடுத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

டீச்சர் கூப்பிட்டனுப்பினார். இன்னும் ஒரு பிள்ளை வேண்டுமாம்.

"அஞ்சும் அஞ்சும் பத்தாச்சே டீச்சர்?"

"ஒண்ணு கூட இருக்கட்டும் ஆச்சி. யாராவது திடீர்னு போயிட்டா?"

அது நியாயம்தான். முன்யோசனை உள்ள பொம்பளை.

ஏப்ரல் 7, செவ்வாய்

மிச்சம் இருப்பது சோமாரிதான். ஜூனில் ஐந்து வயது முடிகிறது. புத்னி அசையவே இல்லை. இரண்டு பிள்ளையையும் அனுப்பிவிட்டு யாரை நம்புவது என்கிறாள். நான்கு நாள் நடந்தேன். இன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வேலை செய்து காய்ப்புக் காய்த்த கை, என் கை மாதிரியே இருந்தது. சரி என்றாள்.

திருப்பூரிலிருந்து சனிக்கிழமையே பார்சல் வந்திருந்தது. தர்ஷினிக்குக் கறுப்பு ஷூ, வெள்ளை சாக்ஸ். எங்கள் பள்ளியில் எல்லாரும் செருப்புதான். ஆண்டு விழாவுக்கு அனுப்பியிருப்பார்கள். பிள்ளை போட்டுக்கூடப் பார்க்காமல் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். கடிக்குமோ என்னவோ.

ஏப்ரல் 15, புதன்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டீச்சர் மேசையில் ஒரு தாள் வைத்தார். "ஆச்சி, சான்றிதழுக்கு ஒரு கையெழுத்து" என்றார். தாளின் மேல்பக்கத்தில் அவர் கை இருந்தது. கைக்கு இந்தப் பக்கம் தெரிந்ததை எழுத்துக்கூட்டினேன். சா-ன்-றி-த-ழ். சான்றிதழ்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆறு பிள்ளைகளைக் கொண்டுவந்ததற்கு விழாவில் எனக்குக் கொடுக்கப்போகிறார்கள். முன்பே சொல்லிவிட்டால் என்ன மரியாதை என்று டீச்சர் மறைக்கிறார். நானும் தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். கண்ணாடி இல்லாமலே கோணாமல் போட்டேன். சீனியம்மாள். என் "ள்" எப்போதும் வால் நீண்டு வரும்.

டீச்சர் ஏனோ என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனுஷிக்கு அப்படித்தான் கூச்சம் வரும்.

ஏப்ரல் 23, வியாழன்

அரக்குப் பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் காயவைத்தேன். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட வேண்டும். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துவைத்தேன். தர்ஷினி "எதுக்கு ஆச்சி ஆணி?" என்றாள். நாளைக்குப் பார் என்றேன். ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். பரீட்சை முடிந்த அசதி.

ஏப்ரல் 24, வெள்ளி

எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதாமல் விட்டால் நாளைக்கு மறுப்பார்கள்.

பள்ளி ஆண்டு விழா. "எல்லாரும் நம்ம பிள்ளைங்க" என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். மேட்டு லைன் பெண்கள் சிவப்புக்கரை வெள்ளைச் சேலையில் தோளோடு தோள் கோத்து ஆடினார்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு, குடுக் என்று நாலு மொழியில் பிள்ளைகள் வரவேற்றார்கள். தர்ஷினி குடுக்கில் சொன்னாள். சுமந்தி தமிழில் சொன்னாள், ழகரம் சுத்தமாக வந்தது. வந்திருந்த கல்வி அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். புத்னி அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துச் சுட்டு எடுத்துவந்தாள். நம்ம அதிரசமேதான், அர்சா என்கிறார்கள். தர்ஷினி மூன்று தின்றாள். நான் பிறகு தின்னலாம் என்று முந்தானையில் முடிந்துகொண்டேன்.

டீச்சர் மைக்கில் பேசினாள். பதினாலு பிள்ளைகள், நாலு மொழி, ஒரே குடும்பம் என்றாள். விடைபெறும் மாணவர்கள் என்று ஐந்தாவது வகுப்பு மூன்று பேரையும் கூப்பிட்டாள். நாலாவதாக "தர்ஷினி" என்றாள்.

வாய் தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்து, "சான்றிதழை வாங்கிக்க தர்ஷினி வீட்டிலிருந்து வரலாம்" என்றாள். நான் பட்டுச்சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். மேடைப் படியில் கால் வைக்கிறேன், பக்கத்தில் ஒரு ஆள் வந்து நிற்கிறான். கருணாகரன். பின்னால் ரேவதி. எப்போது வந்தார்கள்? பெற்ற தாய் என்றுகூடப் பார்க்காமல், "அம்மா, நீ ஒக்காரு" என்றான். எல்லாரும் பார்க்க, பழுப்பு உறையை டீச்சர் அவன் கையில் கொடுத்தாள்.

பிடுங்கிப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே எழுத்துக்கூட்டினேன். மா-ற்-று-ச். மாற்றுச் சான்றிதழ். இதைத்தான் எல்லாரும் டிசி என்கிறார்கள். டிசி என்று அன்றைக்கு அவள் சொல்லியிருந்தால் எனக்குத் தெரியாதா? கீழே பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்ற இடத்தில் வால் நீண்ட "ள்".

"டீச்சர், சான்றிதழ்னு மட்டும்தான சொன்னீங்க?"

"ஆச்சி, உங்க மகன்தான் விழா முடியிற வரைக்கும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. நான் என்ன செய்ய?"

"ஒண்ணு கூட இருக்கட்டும்னீங்களே. யாராவது போயிட்டான்னு சொன்னீங்களே. அந்த யாரு இவளா?"

என் பேத்தி இடத்துக்கு நானே நான்கு நாள் நடந்து ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மகனிடம் கேட்டேன். "நல்ல இங்கிலீஷ் மீடியத்துல எடம் கெடச்சிருச்சும்மா. சொன்னா நீ ஊரைக் கூட்டுவ. இந்திக்காரப் புள்ளைங்க நடுவுல ஒக்காந்து இவ என்னத்தப் படிப்பா?"

"அதுங்க இந்தி இல்லடா. அதுங்களும் நம்ம மாதிரி புள்ளைங்கதான்" என்றேன்.

ரேவதி அலமாரியைத் திறந்து அந்தப் பிடி உடைந்த கப்பை எடுத்து மேசையில் வைத்தாள். "நம்ம மாதிரியா, அத்த? அப்ப இது யாருக்கு? தனியா வெச்சது நீங்க. எனக்கு மட்டும் பாடம் எடுக்காதீங்க."

அது வேறு. அது வேறு என்று சொன்னேன். எப்படி வேறு என்று அவளுக்குச் சொல்ல எனக்கு நேரமில்லை.

தர்ஷினி கதவு மூலையில் நின்றாள். "உனக்குத் தெரியுமாடி?"

"ஷூ வந்தன்னைக்கே தெரியும் ஆச்சி. சொன்னா நீ கோவத்துல மேட்டு லைனுக்குப் போக மாட்ட. சோமாரி வர மாட்டா. பள்ளிக்கூடத்த மூடிருவாங்க. சுமந்தி எங்க படிப்பா?"

எட்டு வயதில் என்ன நெஞ்சழுத்தம். நான் வளர்த்த பிள்ளை.

ஏப்ரல் 25, சனி

ஏழேகால் பஸ். போய்விட்டார்கள். நான் வாசலுக்கு வரவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

மேட்டு லைனுக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டே போனேன். டீச்சர் ஏமாற்றுக்காரி, பேர் எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பி வாங்கு, எல்லா வீடும் வாங்குங்கள். பள்ளியை மூடட்டும். என் பேத்தி இல்லாத பள்ளி எனக்கு எதற்கு?

புத்னி விறகு பிளந்துகொண்டிருந்தாள். சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உன் பேத்தி போகுது. சுமந்தி சொல்லுச்சு. முந்தியே சொல்லுச்சு."

"தெரிஞ்சுமா சோமாரிய எழுதிக் குடுத்த? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"சொன்னா நீ வராது. நீ வரலேன்னா மத்த வீடு பயப்படும்." கோடாலியைக் கீழே வைத்தாள். "உன் பேத்திக்கு வேற இஸ்கூல் இருக்கு. என் பிள்ளைக்கு இதுதான் இருக்கு."

இவளுமா? எஸ்டேட் முழுக்கத் தெரிந்த சங்கதி, அட்டைக்கடி வாங்கினவளுக்கு மட்டும் தெரியவில்லை. உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. தாளைத் திருப்பி வாங்கு என்றும் இரண்டாவது தடவை சொல்லவில்லை.

மே 10, ஞாயிறு

போன் அடித்தது. எடுக்கவில்லை.

மே 17, ஞாயிறு

எடுக்கவில்லை. மழை. கூரையில் ஒழுகும் இடத்தில் வாளி வைத்தேன்.

ஜூன் 1, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. மணி சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூன் 2, செவ்வாய்

வேலை விட்டு வரும்போது புத்னி வாசலில் நின்றாள். ஐந்து வாரமாக அவளோடு பேச்சில்லை.

"சுமந்தி நேத்து வகுப்புக்குள்ள போகல. வராண்டாவுல உக்காந்துச்சு. இன்னைக்கும். புதுசா ஒரு பையன் பக்கத்துல உக்கார மாட்டேன்னு எழுந்து போச்சு."

"அதுக்கு நான் என்ன செய்ய? டீச்சர்கிட்ட சொல்லு."

"டீச்சர் வாக்குக் குடுக்கல. நீ குடுத்துச்சு."

"என் பேத்தியத்தான் தூக்கிட்டுப் போயிட்டாங்களே!"

"நீ பேத்தின்னு மட்டும் சொல்லல. என் வீட்டு ஆளுன்னு சொல்லுச்சு. கையில அடிச்சுச்சு." அவ்வளவுதான். போய்விட்டாள்.

என் ஞாபகம்தான் பெரிது என்றிருந்தேன். டைரியில் மார்ச் ஏழைத் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஆறு மணிக்குப் போன். இந்தத் தடவை எடுத்தேன். தர்ஷினி. புதுப் பள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்றேன், ம் என்றாள். பிறகு, "ஆச்சி, சுமந்தி பக்கத்துல இப்ப யாரு ஒக்காருறா?" என்றாள்.

சிக்னல் போய்விட்டது. அப்படித்தான் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 3, புதன்

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஒன்பதரைக்குப் பள்ளிக்குப் போனேன். வராண்டாவில் சுமந்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "எந்திரி" என்றேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. அந்தக் குட்டி பெஞ்சில் என் முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. புதுப் பையன் வாயைப் பிளந்து பார்த்தான். நான் பார்த்த பார்வையில் புத்தகத்தைத் திறந்துவிட்டான்.

டீச்சர் வந்தாள். "ஆச்சி, நீங்க எதுக்கு..."

"உங்ககிட்ட எனக்குப் பேச்சில்ல. பாடத்த நடத்துங்க."

அவள் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுமந்தி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள், பையைத் தன் பக்கம் இழுத்து எனக்கு இடம் விட்டாள். ஒரு பென்சிலும் கொடுத்தாள்.

மகனை மன்னிக்கவில்லை. மருமகளை, டீச்சரை, புத்னியை, ஒருத்தரையும் மன்னிக்கவில்லை. பேத்தி கணக்கு தனியாக இருக்கிறது, அவள் லீவுக்கு வரும்போது கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை என்று நாளைக்கு எவளும் எழுதிவைக்கக் கூடாது.

சுமந்தி இப்போது மூன்றாவது. ஐந்தாவது முடிக்க இன்னும் மூன்று வருஷம். ஒரே நாளில் இடுப்பு பிடித்துவிட்டது. நாளைக்கு ஒரு தலையணை எடுத்துப்போக வேண்டும்.